720720: பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து அறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்தில் சேரும் மாணவர்களுக்குக் காரணிகளும் மடங்குகளும் தொடக்கத்திலேயே பாடமாக வருகின்றன. ஈரிலக்க எண்ணைத் தயங்காமல் பிரித்துவிடும் பிள்ளைகள், ஆறிலக்க எண்ணைக் கண்டதும் கைப்பேசியைத் தேடுகிறார்கள். தாளும் பென்சிலும் போதும் என்பதை 720720 என்ற எண்ணைக் கொண்டு பார்ப்போம்.

வகுக்கத் தொடங்குமுன் எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். இதில் 720 இருமுறை அடுத்தடுத்து நிற்பதால், இது 720 × 1001 ஆகும். 1001 என்பதோ 7 × 11 × 13. எந்த மூன்றிலக்க எண்ணை இப்படி இரட்டித்து எழுதினாலும் அது 7, 11, 13 ஆகிய மூன்றாலும் மீதமின்றி வகுபடும். 358358 என்று எழுதி நீங்களே சோதித்துப் பாருங்கள்.

அடுத்து 720-ஐப் பாதி பாதியாகக் குறையுங்கள்: 360, 180, 90, 45. நான்கு முறை பாதியாக்கியதால் நான்கு 2-கள் கிடைத்தன; எஞ்சிய 45 என்பது 3 × 3 × 5. ஆகவே,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

எந்த வழியில் பிரித்தாலும் இதே பகா எண்கள்தாம் கிடைக்கும் என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் 1801-இல் தெளிவாக நிறுவினார்.

இனி வருவதுதான் பாடத்தின் உயிர்ப்பகுதி. 720720-இன் ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எத்தனை முறை சேர்த்துக்கொள்வது? ஒருமுறைகூடச் சேர்க்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை சேர்க்கலாம். ஆக ஐந்து வாய்ப்புகள். சேர்க்காமல் விடுவதும் ஒரு வாய்ப்பு என்பதால்தான் ஒவ்வோர் அடுக்குடனும் (2⁴-இல் உள்ள 4 போன்றவை) 1-ஐக் கூட்டுகிறோம். காரணம் தெரியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் அது கைகொடுக்காது. 3-க்கு மூன்று வாய்ப்புகள், மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 காரணிகள்.

செம்பனை நாற்றங்காலில் 720720 கன்றுப் பைகள் இருந்தால், நீள அகலம் மாறுவதை வேறாகக் கொள்ளாமல், அவற்றை 120 வகைச் செவ்வகங்களாக அடுக்கலாம். சதுரமாக மட்டும் அடுக்க முடியாது. வர்க்க எண்ணில் எல்லாப் பகா எண்களின் அடுக்குகளும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும்; இங்கோ 5, 7, 11, 13 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றைப்படையாக உள்ளன. அந்த நான்கின் பெருக்கற்பலனாகிய 5005-ஆல் பெருக்கினால், 60060-இன் வர்க்கம் கிடைக்கும்.

காரணிகளின் கூட்டுத்தொகையையும் இதே பிரிப்பிலிருந்து பெறலாம்: 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3249792. இதில் 31 என்பது 1 + 2 + 4 + 8 + 16, மற்றவையும் அவ்வாறே.

1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையா. தம்மைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைத்தான் கணித மேதை இராமானுஜன் 1915-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வரிசையில் அடுத்து வரும் 1081080-ஐப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். அது 1080 × 1001, விடை 256 காரணிகள்.