நடு அடுக்கு: நீட் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள்

நாமக்கல், ஈரோடு பக்கம் நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டில் கருவின் மூன்று அடுக்குகளில் எதிலிருந்து எந்த உறுப்பு வருகிறது என்ற இந்தப் பட்டியல் தவறாமல் இருக்கும்: தோல், மூளை எக்டோடெர்ம் (வெளி அடுக்கு), எலும்பு, தசை, ரத்தம் மீசோடெர்ம் (நடு அடுக்கு), குடல், ஈரல் எண்டோடெர்ம் (உள் அடுக்கு). இதை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் பெரிய தவறு. ஓர் உறுப்பு முழுக்க ஒரே அடுக்கிலிருந்து வருவது அபூர்வம். குடலின் உள்பூச்சு எண்டோடெர்ம், அதைச் சுற்றியுள்ள தசை மீசோடெர்ம், அந்தத் தசையை இயக்கும் நரம்புச் செல்களோ எக்டோடெர்மில் பிறந்த நரம்பு முகட்டிலிருந்து (நரம்புக் குழாயின் விளிம்பில் தோன்றி உடலெங்கும் நகரும் செல்கள்) நகர்ந்து வந்தவை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அப்படித்தான், வெளிப்பகுதியான புறணி மீசோடெர்ம், உள்ளே இருக்கும் மெடுல்லா நரம்பு முகடு. அதனால் கேள்வியில் உறுப்பின் பெயரைப் பார்த்ததும் விடையைக் குறிக்காதீர்கள், எந்தத் திசுவைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

மண்ணீரலில் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். கறிக்கடையில் ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்தான் அது) பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும், வயிற்றுக்குள்ளும் இரைப்பையை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனாலும் ஈரல் செல்கள் எண்டோடெர்ம், சுவரொட்டி மீசோடெர்ம்.

அப்புறம் இன்னொரு தவறு, எபிபிளாஸ்ட் (இளங்கருத்தட்டின் மேலடுக்கு) எக்டோடெர்ம் ஆகும், ஹைப்போபிளாஸ்ட் (கீழடுக்கு) எண்டோடெர்ம் ஆகும், நடுவில் மீசோடெர்ம் தானாக முளைக்கும் என்று எழுதுவது. இல்லை. மனிதக் கருவில் மூன்றாவது வாரம் எபிபிளாஸ்ட் செல்கள் ஆதிக்கோடு (எபிபிளாஸ்டில் தோன்றும் பள்ளக்கோடு) வழியாக உள்ளே இறங்கி, முதலில் ஹைப்போபிளாஸ்டை ஒதுக்கி எண்டோடெர்ம் ஆகின்றன, அடுத்து இறங்குபவை இடையில் பரவி மீசோடெர்ம் ஆகின்றன, இறங்காமல் மேலேயே நின்றவை எக்டோடெர்ம். மூன்றுக்கும் மூலம் எபிபிளாஸ்ட்தான்.

எலும்பெல்லாம் சோமைட் (கருவின் நடுக்கோட்டின் இருபுறமும் ஜோடியாக நிற்கும் மீசோடெர்ம் கட்டிகள்) என்பதும் தப்பு. முதுகெலும்பும் விலாவும் சோமைட்டில் வருபவை, கைகால் எலும்பு ஓரத்தில் இருக்கும் பக்கத்தட்டு மீசோடெர்ம், ஆனால் அதே கைகாலின் தசை சோமைட்! முக எலும்புகளுக்கு மீசோடெர்மே இல்லை, நரம்பு முகடு. சிறுநீரகம் சோமைட்டுக்கும் பக்கத்தட்டுக்கும் நடுவிலுள்ள இடைநிலை மீசோடெர்ம், இதில் குழப்பம் குறைவு.

சரி, இந்தச் சோமைட்டைக் கோழிக் கருவில் கண்ணால் பார்க்கலாம் என்று சிலர் கடை முட்டையை இன்குபேட்டரில் வைக்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழியோடு சேவல் விடுவதில்லை, அந்த முட்டையில் கரு இருக்காது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் புது முட்டையை ஊரில் கேட்டு வாங்குங்கள். 38 டிகிரி செல்சியஸ் அளவில் ஒன்றரை நாள் வைத்துத் திறந்தால், நடுக்கோட்டின் இருபுறமும் சோமைட்கள் 10 ஜோடி அளவுக்குத் தெரியும்.