மேட்டூரில் அளந்து கடைமடைக்குக் கணக்கு எழுதாதீர்கள்: ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அது கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். அப்புறம் வெண்ணாறு, வாய்க்கால், முறை, தகராறு எல்லாம் தாண்டித்தான் தலைஞாயிறு பக்கம் எட்டிப் பார்க்கும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கும்பகோணம் பக்கம் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகள், ப்ராஜெக்ட் என்று வந்துவிட்டால் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாணவர், "சார், என் புரோகிராம் நொடிக்கு 2 ஜிபி எழுதுது" என்று வந்து நின்றார். லேபில் இருந்ததோ பழைய ஹார்ட் டிஸ்க். தலைகீழாக நின்றாலும் அதனால் முடியாத வேகம் அது. நடந்தது இதுதான்: எழுது (ரைட்) என்று கேட்டதும் லினக்ஸ் தரவை வாங்கி மெமரியில் உள்ள பேஜ் கேச் என்ற தற்காலிக இடத்தில் போட்டுவிட்டு, "ஆச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்கு அதைப் பிறகுதான் சாவகாசமாக அனுப்பும். இயல்பான அமைப்பில் 30 நொடிகூட மெமரியிலேயே கிடக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் (நம் ஊரில் போகாமல் இருக்குமா?) தரவும் போச்சு. ஆகவே "இப்போதே டிஸ்க்கில் எழுதி முடி" என்று சொல்லும் எஃப்சிங்க் (fsync) கொடுத்து, அது முடியும் வரையிலான நேரத்தை அளக்க வேண்டும். வாசிப்பிலும் இதே வம்பு உண்டு. இரண்டாம் முறை அதே பைலைப் படித்தால் மெமரியிலிருந்தே வந்துவிடும். டிஸ்க் வேகம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கேச்சைக் காலி செய்யுங்கள்.

அடுத்தது சராசரி. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. 100 கோரிக்கைகளில் 98க்கு 10 மில்லி விநாடியில் பதில் வருகிறது, 2க்கு ஒரு முழு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி சுமார் 30 மில்லி விநாடி. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த 30ஐ ஒருவர்கூட அனுபவித்திருக்க மாட்டார். ஒரு பக்கம் திறக்க இப்படி 50 கோரிக்கைகள் போகின்றன என்றால், ஒன்றாவது அந்த மெதுவான இரண்டு சதவீதத்தில் மாட்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆய்வுலகில் இதை டெயில் லேட்டன்சி என்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் கடைமடைத் தாமதம். மாவட்டத்துக்கு வந்த தண்ணீரைப் பரப்பால் வகுத்துச் சொன்னால் கடைமடைக்காரர் கோபப்படுவாரா, மாட்டாரா? 99ஆம் பெர்சன்டைலையும், அதாவது 100இல் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதையும், சேர்த்துப் போடுங்கள்.

சர்வரையும் கிளையன்டையும் ஒரே மெஷினில் ஓட்டி நெட்வொர்க் முடிவு எழுதுவது இன்னொன்று. மெஷின் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் இந்த லூப்பேக் வழியில், பாக்கெட் (தரவுப் பொட்டலம்) கம்பியையே பார்ப்பதில்லை. அதில் ஒரு பாக்கெட் 65,536 பைட் வரை போகலாம், சாதாரண ஈதர்நெட்டில் 1,500தான். ஒருமுறை அனுப்பினால் மறுமுனையில் ஒரே தடவையில் வந்துவிடும் என்று நம்பி, டிசிபி (தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் விதிமுறை) வழியாக எழுதிய புரோகிராம் லூப்பேக்கில் பெரும்பாலும் ஓடிவிடும், வெளியே வந்ததும் உடையும். இரண்டு மெஷின் கிடைக்காவிட்டால் லினக்ஸில் உள்ள நெட்எம் (netem) என்ற கருவியை வைத்துத் தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாகச் சேர்த்துப் பாருங்கள்.

"பாக்கெட் தொலைகிறதா, பஃபரைப் (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடத்தைப்) பெரிதாக்கு" என்பதும் அடிக்கடி கேட்கிறது. வடிகால் அடைபட்ட வயலுக்கு வரப்பை உயர்த்துகிற வேலை அது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் 32 கிலோபிட்டிலிருந்து நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசல் தெரியாமல் மெஷின்கள் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வில், பாக்கெட் தொலைவதையே நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். பஃபர் அளவுக்கு மீறிப் பெருத்தால் அந்தச் சேதி அனுப்புபவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சந்தேகமாக இருந்தால், பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் பிங்கை ஓடவிட்டபடி பெரிய பைல் ஒன்றை அப்லோட் செய்யுங்கள். 20 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில் 500ஐத் தொட்டால், பாக்கெட்டுகள் தொலையாமல் வரிசையில் நின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.