மானமுள்ள மாமாவை உதவித்தொகைக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி

ஐம்பது வயது கடந்தும் விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், முழங்கால் வலியாலோ, படகுக்காரர் இளவட்டங்களை ஏற்றிக்கொண்டதாலோ கரையிலேயே தங்கிவிட்டால், வீட்டுச் செலவு குறைவதில்லை. அவருடைய பேச்சு மட்டும் குறைந்துவிடுகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான ஊர்களில் இப்படிப்பட்ட ஒரு மாமாவோ பெரியப்பாவோ இல்லாத குடும்பம் அரிது. அரசு தரும் தொகையைப் பற்றி எடுத்தவுடனே, "கை நீட்டிப் பிழைக்கிறவனா நான்?" என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு உதவ நினைக்கும் மருமகனுக்கோ மகளுக்கோ விண்ணப்பத்தை நிரப்புவது பெரிய வேலையன்று. எந்தப் பணத்தைப் பற்றி முதலில் பேசுவது என்பதில்தான் பாதி வேலை முடிகிறது.

என் தாய்மாமன் விஷயத்தில் நான் செய்த தவறு இதுதான்: முதியோர் உதவித்தொகையிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். அந்த விண்ணப்பத்தைச் சுற்றி "ஆதரவற்றோர்" என்ற சொல் உலவிக்கொண்டே இருக்கும். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒருவரின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் என்னோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே, அவர் தம் கையிலிருந்து போட்ட பணத்திலிருந்து தொடங்குங்கள். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் தம் பங்காக 1,500 ரூபாய் செலுத்துகிறார். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 ரூபாய் சேர்க்கின்றன. மொத்தம் 4,500 ரூபாய் திரும்பி வருகிறது. சங்கத்தில் சீட்டுக் கட்டுவதைப் போன்றதே இது என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மீனவப் பெண்களுக்கும் இதே தொகையில் தனித் திட்டம் இருப்பதால், அத்தையின் பெயர் அதில் இருக்கிறதா என்று அதே மூச்சில் கேட்டுவிடலாம். இத்திட்டத்தில் 60 வயது வரைதான் சேரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்ததாகத் தடைக்கால நிவாரணத்தைப் பேசலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மீன் இனப்பெருக்கத்திற்காக அரசே தொழிலை நிறுத்தி வைக்கும்போது, அதற்கு ஈடாகத் தரும் பணத்தை யாசகம் என்று சொல்வதில் நியாயமில்லை என்பதை மாமாவே ஒப்புக்கொண்டார். குடும்பத்திற்கு 5,000 ரூபாயாக இருந்த இத்தொகையை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே கூடியிருந்ததால், அவர்கள் வாயால் சொல்லக் கேட்பதும் உதவும். வாடை எழும்பி மீன் குறைந்துபோகும் மாதங்களுக்குத் தனியே 6,000 ரூபாய் சிறப்பு உதவித்தொகை உண்டு. இவை யாவும் மீன்வளத்துறை வழியாக, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள பதிவையும் குடும்ப அட்டையையும் பார்த்துத் தரப்படுபவை. ஆகையால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைத் தடைக்காலம் தொடங்கும் முன்பே சங்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பணம் பட்டுவாடா ஆன பிறகு ஓடுவதில் பயனில்லை.

இவை தொழிலில் இருப்பவர்களுக்கானவை. முழுதாகக் கரையேறிவிட்டவரின் பெயரைத் தொழில் செய்பவர் பட்டியலில் வைத்திருக்கச் சொல்லாதீர்கள். மானமுள்ளவர் அதை எப்படியும் ஒப்பமாட்டார், அவர் ஒப்பாததே சரி. அவருக்கு 60 வயது நிறைந்திருந்து, வருமானமும் தாங்குவாரும் உண்மையிலேயே இல்லையென்றால், அப்போதுதான் முதியோர் உதவித்தொகைக்கு வர வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் இது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக விசாரணை நடந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது. இதோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை கிடைக்கும். வேட்டிப் பேச்சை மட்டும் கடைசிவரை எடுக்காதீர்கள், அது இன்னொரு சண்டையைக் கிளப்பும்.

தாள்களில்தான் பொறுமை தேவைப்படும். நம் கரையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக இருப்பவர்கள் பலர். ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மாறி மற்றொன்று என்று வந்து நிற்கும். மூன்றையும் ஒரே பாயில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதி தவறாக இருந்தால், ஆதாரில் அதை ஒருமுறைதான் திருத்த முடியும் என்பதால், சரியான சான்று கையில் இல்லாமல் மையத்திற்குப் போகாதீர்கள். கயிறும் வலையும் தேய்த்த விரல்கள் கருவியில் பதியாமல் போவது சாதாரணமாக நடப்பது. கைரேகை விழவில்லை என்று வரிசையில் எல்லோர் முன்னும் சொல்லப்படும்போது அவர் கூனிக் குறுகிவிடுவார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப் போய், கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கருவிழிப் பதிவும் இருக்கிறது.

வங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகிவிடும். ஆதார் வழியாக வரும் பணமோ கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அங்கேதான் போய் விழும். எங்கோ ஒரு கடனுக்காகத் திறந்து மறந்த கணக்கில் பணம் உறங்குவதை நான் கண்டிருக்கிறேன். கைப்பேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும். ஒரு மையத்தில் தட்டச்சு செய்தவர் தம் எண்ணையே பதிந்துவிட்டதால், மாமாவின் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

விண்ணப்பம் போன பிறகு வரும் விசாரணைதான் முக்கியம். அதிகாரி வாசலில் வந்து நின்றால், மானமுள்ளவர் முதலில் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பக்கத்துக் கடையில் கலர் வாங்கிவரச் சொல்வார். பிறகு, "எனக்கென்ன குறை, மகன் வெளிநாட்டில் இருக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார். மகன் இரண்டு ஆண்டுகளாக ஒரு காசு அனுப்பவில்லை என்பது அவர் வாயிலிருந்து வராது. விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே முந்தின நாளே அவரோடு தனியாக உட்கார்ந்து, கேட்கப்படும் கேள்விகளைச் சொல்லி, பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, உள்ளதை மறைக்காமல் இருந்தால் போதும் என்று பேசிவையுங்கள். மகனைப் பற்றிச் சொல்ல அவருக்கு நா எழவில்லையென்றால், அதை அத்தையோ நீங்களோ சொல்வதற்கு அவரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மகன் உண்மையாகவே மாதாமாதம் அனுப்புகிறான் என்றால் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அல்லது 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தை அழைக்கலாம். மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற எண் இருக்கிறது. அலுவலகத்திற்கு அவரையும் அழைத்துப் போங்கள். ஆனால் வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் மர நிழலில் இருக்கட்டும். அதிகாரியிடம் பேசும் முறை வந்தால் மட்டும் அவரைக் கூப்பிட்டு, அவரையே பேசவிடுங்கள். அவர் சார்பில் நீங்கள் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் சிறுத்துப் போவார்.

பணம் வந்ததும் அட்டையும் இரகசிய எண்ணும் அவரிடமே இருக்க வேண்டும். எடுக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொடுங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். நகல் எடுத்த செலவு, பேருந்துக் கட்டணம் இவற்றை அவர் கொடுக்க முன்வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். என் மாமா முதல் தொகையிலிருந்து முப்பது ரூபாயை எண்ணி என் சட்டைப் பையில் வைத்து, "ஜெராக்ஸ் காசு, கணக்கு நேராகிப் போச்சு மாப்பிள்ளை" என்றார்.