பத்மினி காரின் கார்புரேட்டரை நீங்களே பிரித்து, கழுவி, செட்டிங் செய்யலாம்

காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றதும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். கடல் காற்றில் அதன் உலோகம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து இளக்குகிறது.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் பிளக், டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளி, டேப்பட் (வால்வு இடைவெளி) மூன்றையும் சரிசெய்துவிடுங்கள். தீப்பொறியில் உள்ள கோளாறை மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருகித் தீர்க்கவே முடியாது.

கழற்றுவது

இன்ஜின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. ஏர் ஃபில்டர், பெட்ரோல் டியூப், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி என்று ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் போனில் படம் பிடியுங்கள். கார்புரேட்டர் கையில் வந்ததும் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் போகும் குழாய்) வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் வேலை பத்து மடங்காகும்.

பிரிப்பதும் கழுவுவதும்

மிக்சர் ஸ்க்ரூவை முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிவைத்த பிறகே வெளியே எடுங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கிவிடும். பிறகு மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளைகள்), ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை), அது மூடித் திறக்கும் நீடில் வால்வு, பம்ப் டயாஃப்ரம் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் சவ்வு) எல்லாவற்றையும் எடுங்கள். ஜெட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 115 என்றால் துளை 1.15 மில்லிமீட்டர். அதனால்தான் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தவே கூடாது என்கிறேன். பித்தளை மெத்தென்றிருக்கும், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும்.

திராட்டில் தண்டு (ஆக்சிலரேட்டர் கம்பி இழுத்தால் திரும்பும் தண்டு) லொடலொடவென்று ஆடினால் அந்த வழியே காற்று புகும். எந்த செட்டிங்கும் நிற்காது. லேத் பட்டறையில் புஷ் (தேய்ந்த துளைக்குள் போடும் வளையம்) போடக் கொடுங்கள். இதைப் பார்க்காமல் கிட் (பேக்கிங், டயாஃப்ரம் போன்றவை அடங்கிய ரிப்பேர் செட்) மட்டும் மாற்றுவது வீண்செலவு.

கிட் வாங்கப் புதுப்பேட்டை போவோர் பழைய கார்புரேட்டரையே கையோடு எடுத்துப்போங்கள். அதன் உடம்பில் உள்ள மாடல் எண் பொருந்த வேண்டும். பெட்ரோல் டியூபை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பேக்கிங்கில் பசை தடவாதீர்கள், அது பிய்ந்து ஜெட்டை அடைக்கும்.

செட்டிங்

பூட்டியதும் மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒழுகுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்க விடுபட்ட பிறகே செட்டிங். ஸ்க்ரூவை மெல்ல மூடுங்கள், இன்ஜின் தடுமாறும். அங்கிருந்து திறந்துகொண்டே வந்தால் வேகம் ஏறி, பிறகு கனத்து உருளும். இரண்டுக்கும் நடுவில் சீராக ஓடும் இடம்தான் சரி. அதன்பின் ஐடில் ஸ்க்ரூவை (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகை) குறையுங்கள். வேகம் மாறினால் மிக்சரை இன்னொரு தடவை பாருங்கள்.

மணலி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் இப்போது இதுதான் அதிகம் நடக்கிறது. காற்றுக் கசிவு இல்லையென்று உறுதியானால், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.