ஷாவ்மியின் விலையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜூலை 9 அன்று, போன் செய்யும் சீன நிறுவனமான ஷாவ்மி ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு ஒன்று 17 ஹாங்காங் டாலர். 17 முதல் 22 வரை என்று அறிவித்திருந்த விலையில் இதுதான் அடிமட்டம். அந்தக் கணக்கில் நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய 5,400 கோடி அமெரிக்க டாலர். அதே ஆண்டின் தொடக்கத்தில் 10,000 கோடி டாலர் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் முடிவில் பங்கு 16.80க்கு இறங்கி நின்றது. இந்த விலை தகுமா தகாதா என்ற வாதத்தில் இரு தரப்பும் சறுக்கிய இடங்கள் சில உண்டு.

மிகச் சுலபமாகச் சறுக்கும் இடம் வளர்ச்சிக் கோடு. 2012இல் ஷாவ்மி விற்றது சுமார் 72 லட்சம் போன், 2013இல் 1.87 கோடி, 2014இல் 6.11 கோடி. ஸ்கேலை வைத்து இந்தக் கோட்டை நீட்டினால் யாருக்கும் தலை சுற்றும். 2014 டிசம்பரில் 4,500 கோடி டாலர் மதிப்பு போட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கும் கொஞ்சம் சுற்றியிருக்க வேண்டும். மறு ஆண்டுக்கு எட்டு முதல் பத்துக் கோடி என்று இலக்கு வைத்தார் நிறுவனர் லெய் ஜுன்; விற்றது ஏழு கோடிக்குச் சற்று மேல். 2016இல் சீனாவில் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்ததாகச் சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி கணக்கிட்டது. போனில் பெரிய கோளாறு ஏதும் இல்லை. கடைகள் இல்லாததுதான் குறை. ஷாவ்மி பெரும்பாலும் இணையத்தில் விற்றே வளர்ந்தது. ஒப்போவும் விவோவும் சிற்றூர்கள் வரை கடை கடையாகப் பிடித்து, விற்பவருக்கு நல்ல கமிஷனும் கொடுத்தன. இணையத்தில் தேடி வாங்கும் கூட்டம் ஒருமுறை வாங்கி முடித்ததும் கோடு மடங்கிவிட்டது.

அப்போது ‘ஷாவ்மி கதை முடிந்தது’ என்று எழுதியவர்கள் பிடித்திருந்ததும் அதே ஸ்கேல்தான், தலைகீழாக. நிறுவனம் சொந்தக் கடைகளைத் திறந்தது, இந்தியாவைக் கெட்டியாகப் பிடித்தது, 2017இல் ஒன்பது கோடிப் போன்களைத் தாண்டியது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் இந்தியச் சந்தையில் சாம்சங்கையே முந்தியது.

அடுத்தது, கடைசியாக யாரோ கொடுத்த விலையையே நிறுவனத்தின் விலையாக எடுத்துக்கொள்வது. 2014இல் உள்ளே வந்த பணம் 110 கோடி டாலர். அந்தச் சிறு துண்டின் விலையை வைத்து முழு நிறுவனத்துக்கும் பெருக்கிய தொகைதான் 4,500 கோடி. அவர்கள் வாங்கியதும் சாதாரணப் பங்கு இல்லை. குறித்த காலத்துக்குள் நிறுவனம் பட்டியலாகாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை சேர்ந்த முன்னுரிமைப் பங்கு. குடை பிடித்துக்கொண்டு நடப்பவர் கொடுத்த விலையை, நனைந்துகொண்டு நடக்கப்போகிறவர் அளவுகோலாக வைக்கலாமா?

அந்த முன்னுரிமைப் பங்கு இன்னொரு குழப்பத்தையும் செய்தது. சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஷாவ்மியின் 2017ஆம் ஆண்டுக் கணக்கைத் திறந்தால் 4,390 கோடி யுவான் நஷ்டம் என்று இருக்கும். மொத்த வருவாயே 11,460 கோடி யுவான்தான். ‘இவ்வளவு நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கா இந்த விலை?’ என்று கேட்டு மூடி வைத்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த நஷ்டத்தில் பெரும்பகுதி பணமாக எங்கும் போகவில்லை. ஒருவர் கடை வைக்க நண்பரிடம் பத்து லட்சம் வாங்கி, ‘பணமாகவும் கேட்கலாம், கடையில் பங்காகவும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். கடை ஓஹோவென்று ஓடி அந்தப் பங்கின் மதிப்பு ஐம்பது லட்சமாகிறது. சர்வதேசக் கணக்கியல் விதிப்படி ஏட்டில் கடன் ஐம்பது லட்சமாக ஏறும். நடுவிலுள்ள நாற்பது லட்சம் நஷ்டமாகப் பதிவாகும். கடை நன்றாக ஓடியதற்குத் தண்டனை! ஷாவ்மிக்கு நடந்தது இதுதான். கூத்து அதோடு நிற்கவில்லை. வெளியீட்டு விலை அடிமட்டத்தில் முடிவானதும் அந்தக் ‘கடன்’ சுருங்கி, 2018 இரண்டாம் காலாண்டில் 1,463 கோடி யுவான் லாபம் காட்டியது. பங்குக்கு எதிர்பார்த்த விலை கிடைக்காததால் வந்த லாபம்.

இந்தக் குப்பையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 2017இல் ‘சரிக்கட்டிய லாபம்’ 536 கோடி யுவான் என்றது நிறுவனம். நியாயமான எண்தான். ஆனால் சரிக்கட்டும் கை எதையெதை ஒதுக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டியலாவதற்குச் சில மாதங்கள் முன்பு லெய் ஜுனுக்குப் பரிசாக வழங்கிய பங்குகளின் செலவு சுமார் 990 கோடி யுவான். 2018ஆம் ஆண்டின் சரிக்கட்டிய லாபத்தில் அதுவும் கழியவில்லை. 2017 முழுவதும் இணையச் சேவைகளில் ஈட்டிய வருவாயும் ஏறக்குறைய அதே 990 கோடிதான். இந்த ஒற்றுமையைக் கண்டதும் நான் ஏட்டை ஒருமுறை மூடித் திறந்தேன்.

வெளியீட்டு விலைப்படி வரும் நிறுவனத்தின் மதிப்பை யுவானாக மாற்றி அந்த 536 கோடியால் வகுத்தால் ஏறக்குறைய 65 மடங்கு வரும். ஆப்பிளுக்கே அப்போது 20 மடங்குக்குக் கீழேதான். இந்த இடைவெளியை நியாயப்படுத்தத்தான் ‘நாங்கள் போன் நிறுவனம் இல்லை, இணைய நிறுவனம்’ என்றார் லெய் ஜுன். இதை அப்படியே நம்புவதும் தவறு, சிரித்துத் தள்ளுவதும் தவறு. 2017 வருவாயில் 70 சதவீதம் போனிலிருந்து வந்தது; இணையச் சேவைகளின் பங்கு ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் போனில் நூறு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் மொத்த லாபம் (பொருளின் நேரடிச் செலவு மட்டும் போக மிஞ்சுவது) நின்றால், விளம்பரம், ஆப் கடை, விளையாட்டு ஆகியவற்றில் அறுபது ரூபாய் நின்றது. மொத்த லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சின்னத் துண்டிலிருந்துதான் வந்தது.

அப்படியென்றால் போன் பெருகப் பெருக இணைய லாபமும் பெருகும்தானே? இங்கேதான் நம் ஊர்ப் போன் குறுக்கே வருகிறது. சீனாவில் கூகுள் பிளே கிடையாது. அங்கே ஷாவ்மி போன் வாங்குகிறவர் ஆப் இறக்குவதும், விளையாட்டில் காசு செலவழிப்பதும் ஷாவ்மியின் கடை வழியாக. அதில் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து வெளிவந்த ஷாவ்மியின் ரெட்மி போனிலோ கூகுள் பிளே முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பங்கு கூகுளுக்குப் போகிறது. ஷாவ்மிக்கு எஞ்சுவது பெரும்பாலும் விளம்பர இடம்: ஆப் ஒன்றை நிறுவியதும் ‘பாதுகாப்புச் சோதனை’ என்று வந்து நிற்கும் திரையின் கீழே ஒரு பெட்டி. வளர்ச்சி இந்தியாவில், சம்பாத்தியம் சீனாவில். உலகம் முழுவதும் விற்ற போன்களின் எண்ணிக்கையைச் சீனப் பயனர் ஒருவர் தரும் வருவாயால் பெருக்கியவர்களின் தாளில் பெரிய மதிப்பு வந்ததில் வியப்பில்லை.

வன்பொருளில் நிகர லாபம் ஒருபோதும் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது என்று லெய் ஜுன் 2018 ஏப்ரலில் வாக்களித்ததை, ஐந்து சதவீதம் உறுதி என்று படித்தவர்களும் உண்டு. அவர் சொன்னது கூரையை. தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பார்கள். எந்தத் தேதியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. 2019இல் பங்கு 9 ஹாங்காங் டாலருக்குக் கீழே போனது. 2021 ஜனவரியில் 35ஐத் தொட்டது. 2022 அக்டோபரில் மறுபடி 9க்குக் கீழே. 2025 ஜூனில் 60க்கு மேல். இந்தக் கடைசி ஏற்றத்தைக் காட்டி ‘2018இல் கேட்ட விலை மலிவு’ என்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: இதில் பெரும்பங்கு எஸ்யு7 காருடையது. கார் செய்யப்போவதாக ஷாவ்மி அறிவித்ததே 2021 மார்ச்சில்தான். அந்தக் கார் விற்பனைக்கு வந்தது 2024 மார்ச்சில். 2018இல் 17 டாலர் கொடுத்தவர் வாங்கியது போனையும் விளம்பரப் பெட்டியையும். அவற்றை மட்டும் எடைபோட்டு 2019இல் நஷ்டத்துக்கு விற்று வெளியேறியவரின் கணக்கு, அன்றைய தாளில் சரியாகவே இருந்திருக்கலாம்.