தண்டவாளம் போனாலும் கவனம் போகக் கூடாது

கொழும்பு வெள்ளவத்தைக்காரருக்கு ரயில் பாதையில் நடப்பது புதிதில்லை. பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் போனால், சிலிப்பர் கட்டைகளில் கால் வைத்து உலாவும் கூட்டத்தைப் பார்க்கலாம். அது சட்டப்படி குற்றம். இரட்டைப் பாதை என்பதால் ஒரு கோச்சிக்கு ஒதுங்குபவர் மற்றக் கோச்சிக்கு முன்னால் போய் நிற்கவும் கூடும். அலைச் சத்தத்தில் ஹோர்னும் சரியாகக் கேட்காது. நடக்க மரைன் டிரைவ் வீதி பக்கத்திலேயே இருக்கிறது.

இதே ஆட்கள் பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ போய், பெல்ட்லைன் என்ற பழைய ரயில் பாதையில் இறங்கியதும் கவனத்தை அடியோடு விட்டுவிடுகிறார்கள். 1892இல் தொடங்கிய அந்த ரயில் 1894இலேயே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டது. இன்று அது நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஆன பாதை. கோச்சி வராது, சரி. பின்னால் சைக்கிள் வரும், சத்தமே இல்லாமல். இரண்டு காதிலும் இயர்போன் போட்டிருந்தால் மணி அடித்தாலும் கேட்காது.

அதிகம் நடக்கும் தவறு பக்கம் மாறுவதுதான். இங்கே இலங்கையில் எல்லாம் இடப்பக்கம். கனடாவில் இப்படிப்பட்ட பாதைகளில் வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும். முந்துபவர் இடப்பக்கத்தால் முந்துவார். அப்போது "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார். நான் இடப்பக்கத்தால் வருகிறேன், நீங்கள் அங்கே வராதீர்கள் என்று சொல்கிறார். நம்மவர் காதில் 'லெஃப்ட்' மட்டும் விழும். மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கி, நேரே சைக்கிளுக்குள் போய் நிற்பார். குரல் கேட்டால் எந்தப் பக்கமும் பாயாமல், வலப்பக்க ஓரத்திலேயே அதே நடையில் போங்கள். மாமி, மச்சாள், பிள்ளைகள் என்று பாதையை அடைத்து நடப்பதைக் கல்யாண ஊர்வலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வீதிச் சந்திப்புகள். யங் வீதியைப் பழைய ரயில் பாலத்தின் மேலாகவே தாண்டிவிடலாம். அந்தச் சுகத்தில் அடுத்த வீதிக்குள்ளும் கால் தானாக இறங்கிவிடும். அங்கே பாலம் இல்லை. ரயில் ஓடிய காலத்தில் வண்டிகள் நின்று வழிவிட்டன. இப்போது நிற்க வேண்டியது நாம்தான்.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இப்படிப்பட்ட பாதைகளில் ஏற்றம் மிக மெதுவாகவே வரும், களைப்பும் தெரியாது. கதைத்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டு, முழங்கால் வலிக்கிறது என்று மகனுக்குப் போன் எடுப்பவர்கள் உண்டு. போத்தலில் பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். வந்த தூரம் அத்தனையும் திரும்பி நடக்க வேண்டும்.