சாந்தன் கம் கட்டி தட்டாமல் கரைப்பது எப்படி?

சாஸ் போன்றவற்றைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம் பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். வெளிப்புறம் சட்டென்று நனைந்து வழவழப்பாக மூடிக்கொள்ளும், உள்ளே பொடி காய்ந்தபடியே இருக்கும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டி உடையாது. 1 லிட்டருக்கு 3 கிராம் எடுத்து, பத்து மடங்கு சர்க்கரையுடனோ ஒரு கரண்டி எண்ணெயிலோ நன்றாகக் கலந்துவிட்டு, மிக்சி ஓடும்போது தூவுங்கள். உப்பு இருந்தால் பொடி நீரை உறிஞ்சிக் கரைவது மெதுவாகும், அதனால் அதைக் கடைசியில் போடுங்கள். அரை மணி நேரம் வைத்தால் போதும்.

இது சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். நீரில் இதன் நீண்ட சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு விறைப்பான கம்பிகளாகி, ஒன்றோடொன்று லேசாகத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கிற சாஸ், பாட்டிலைக் குலுக்கியதும் ஓடுகிறது, விட்டால் மறுபடி கெட்டியாகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த குணமே இதுதான்!

சாந்தன் தனியாக உறுதியான ஜெல்லி ஆகாது. கரோப் மர விதையிலிருந்து எடுக்கும் லோகஸ்ட் பீன் கம்மைச் சம அளவு சேர்த்து, 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆறவிடுங்கள், ரப்பர் மாதிரி இழுபடும் ஜெல் வரும். நம் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம்மைச் சேர்த்தால் கெட்டித்தன்மை நன்றாகக் கூடும், ஆனால் ஜெல் ஆகாது. அதன் சங்கிலியில் கிளைகள் நெருக்கமாக இருப்பதால் சாந்தன் ஒட்டிக்கொள்ளக் கிளையில்லாத இடம் குறைவு.

ஜெல்லன் கம் வேறு வகை. 90 டிகிரியில் கரைத்து, துளி கால்சியம் உப்பு சேர்த்து ஆறவிட்டால் அதன் சங்கிலிகளின் இரட்டைச் சுருள்கள் கூடி, தெளிவான, உடையக்கூடிய ஜெல் தரும்.